மறுமொழி: அசிடோசிஸ் – அமிலத்தேக்கமா, அமிலச்சாய்வா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

உடலில் அமிலம் மிகும் நிலையான 'அசிடோசிஸ்' (acidosis) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் கேட்டிருந்தார்:

> 'அமிலத்தன்மை' என்றாலே போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. இதயம் நின்றுபோனவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே 'அமிலத்தன்மை' என்ற சொல் இடறுகிறது. பிஎச் என்பது அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். நம் ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை, அதாவது லேசான காரம். அது 7.1-க்கு இறங்கினாலும் ரத்தம் அமிலமாகிவிடுவதில்லை. ஆனால் அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அமிலத்தின் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். அதனால் 'அமிலச்சாய்வு' என்கிறேன். எதிர்ப்பக்கம் போனால் 'காரச்சாய்வு'. கணக்குப் பாடத்தில் சாய்வுக்கு வேறு பொருள் உண்டென்றாலும், முன்னால் 'அமில' நிற்பதால் குழப்பம் வராது.

சரி, 'அமிலத்தேக்கம்' என்று இந்த இழையில் முன்பே வந்ததை விட்டுவிடலாமா? கூடவே கூடாது. ரத்த ஓட்டம் நின்றதும் திசுக்களில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. கரியமில வாயுவும், மதகு அடைத்த ஏரித் தண்ணீர் போல, போக வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போது, உடலுக்குப் போகும் தமனி ரத்தத்தின் பிஎச் ஓரளவு சரியாகவே இருக்கலாம், திசுக்களிலிருந்து திரும்பும் சிரை ரத்தத்தில் அது நன்றாகத் தாழ்ந்திருக்கும். 1986-இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். தமனி ரத்தத்தை மட்டும் பார்த்தால் திசுவின் தேக்கம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இதயத்தைக் கெடுப்பதும் இந்தத் தேக்கம்தான். இதயத் தசையைச் சுருங்க வைக்க உதவும் ட்ரோபோனின் புரதம் கால்சியத்தைப் பிடிப்பது குறைகிறது, தசையின் சுருங்கும் வலு தளர்கிறது, இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்து கொடுத்தாலும் முன்போல் எடுபடுவதில்லை.

அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் ஊசி போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். அது அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவைத்தான் உண்டாக்கும். அந்த வாயு செல்லுக்குள் எளிதில் புகும். ரத்தத்தின் சாய்வு நிமிரும், செல்லுக்குள் தேக்கம் கூடலாம். இந்த ஒரு வாக்கியத்தை எழுதவே இரண்டு சொல்லும் வேண்டியிருக்கிறது, பாருங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் மிகை போன்ற சில நிலைகளைத் தவிர எல்லோருக்கும் வழக்கமாக அதைப் போட வேண்டாம் என்கிறது அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல். தேக்கத்தைக் குறைப்பது நல்ல மார்பு அழுத்தமும் செயற்கை மூச்சும்தான்.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் நோயாளியை இறக்கிக்கொண்டு வரும் 108 ஊழியர்களுக்கு இது தமிழிலேயே புரிய வேண்டும். அதனால் 'குருதி' என்று போடாமல் 'ரத்த அமிலச்சாய்வு', 'திசு அமிலத்தேக்கம்' என்றே முன்வைக்கிறேன். ரத்தத்தின் பிஎச் தாழ்ந்த நிலையைக் குறிக்கும் 'அசிடீமியா'வுக்கு 'ரத்த அமிலச்சாய்வு' போதுமா, தனிச்சொல் வேண்டுமா? மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
அஸ்தம்பட்டி, சேலம்