வளர்ச்சிப் பருவக் கோட்பாட்டை வைத்து சிகிச்சைத் திட்டம் போடலாமா?

பனித்துளி:
எனக்கு 31 வயது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வீட்டோடு இருக்கிறேன். நானே எடுத்த முடிவு. ராத்திரி தூக்கம் வராமல் ஓர் உளவியல் ஆலோசகரிடம் போனேன். இரண்டாவது சந்திப்பிலேயே, மனித வாழ்க்கையைக் குழந்தைப் பருவம் முதல் முதுமைவரை பிரிக்கும் உளவியலாளர் எரிக்சனின் எட்டுப் படிகளை ஒரு தாளில் வரைந்து, ஆறாவது படியில் என் பெயரை எழுதினார். "நெருக்கமா தனிமையா என்ற கட்டத்தில் நின்றுவிட்டீர்கள். குடும்பத்தை விட்டுக் கொஞ்சம் விலகுவதுதான் நம் இலக்கு" என்றார். தூக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்குப் பிறகு நான் போகவில்லை. 1950-இல் அமெரிக்காவில் வெளிவந்த அட்டவணை என் வாழ்க்கைக்கு இலக்கு வைக்கலாமா? சிகிச்சைத் திட்டத்தில் இந்தக் கோட்பாடுகளுக்கு இடமே கூடாது என்கிறேன்.

வேப்பமரம்:
உங்களுக்கு நடந்தது தப்பு, தங்கச்சி. ஆனால் "இடமே கூடாது" என்பதை ஏற்க மாட்டேன். நான் குழந்தைகளோடு வேலை செய்பவள். அப்பாவை இழந்த நாலரை வயதுப் பெண் குழந்தை ஒருத்தி வந்தாள். "அப்பா சாமிகிட்டப் போயிட்டார்" என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். தினமும் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாளாம், அப்பா வரும் பஸ்ஸுக்காக.

ஐந்து வயதுக்குக் கீழே சாவு என்பது போய்த் திரும்பும் பயணம் போலத்தான் தெரியும் என்று ஹங்கேரிக் குழந்தைகளிடம் பேசி 1948-இல் உளவியலாளர் மரியா நாகி எழுதினார். அது தெரிந்ததால்தான், "அப்பாவோட உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனி மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது. அவரால திரும்பி வர முடியாது" என்று அம்மாவே மடியில் வைத்துச் சொல்லத் திட்டமிட்டோம். இன்னொன்றும் கேட்டோம்: அப்பா ஏன் போனார் என்று நினைக்கிறாய்? "நான் அவர்கூட டூ விட்டேன்" என்றாள். இரண்டிலிருந்து ஏழு வயதுவரை தன் நினைப்பே காரியத்தை நடத்திவிடும் என்று குழந்தை நம்பக்கூடும் என்பது, குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே சொன்னது. அதைப் படிக்காதிருந்தால் நாங்கள் கேட்டிருக்க மாட்டோம். அந்தப் பாரத்தை அவள் எத்தனை வருஷம் சுமந்திருப்பாள்!

பனித்துளி:
தொண்டை அடைக்கிறது அக்கா. குழந்தைகள் விஷயத்தில் என் வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நாலரை வயதில் எது புரியும் என்பது வேறு, 31 வயதுக்காரி எப்படி வாழ வேண்டும் என்பது வேறு இல்லையா?

கரிசல்காடு:
கல்லூரியில் இதைத்தான் நடத்துகிறேன். எரிக்சனுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவின் பைன் ரிட்ஜில் சியூ பழங்குடி மக்களிடமும், கலிபோர்னியாவில் யூரோக் பழங்குடி மக்களிடமும் பழகிப் பார்த்துவிட்டு எழுதியவர் அவர். ஒவ்வொரு சமூகமும் தன் பிழைப்புக்கு ஏற்றபடி பிள்ளை வளர்க்கிறது என்பது அதே 1950 நூலில்தான் இருக்கிறது. நெருக்கம் என்றால் வீட்டை விட்டுக் கிளம்புவது என்று அவர் சொல்லவில்லை. தேர்வுக்காக அதை எட்டு வரி அட்டவணையாக்கியது நாங்கள்.

பனித்துளி:
சார், நூலில் என்ன இருந்தாலும் என் முன்னால் வந்தது அந்தத் தாள்தானே. சரி எது தப்பு எது என்று யோசிப்பது எப்படி வளர்கிறது என்பதற்குக் கோல்பெர்க் ஆண் பிள்ளைகளை மட்டும் வைத்துப் படி கட்டினார், அக்கறையிலிருந்து யோசிக்கும் பெண்கள் அதில் கீழே தெரிந்தார்கள் என்று 1982-இல் உளவியலாளர் கரோல் கில்லிகன் எழுதினாரே. அம்மாவைப் பார்த்துக்கொள்வது நான் படி ஏறாததற்கு அடையாளம் என்றபோது எனக்கு நடந்ததும் அதுதான்.

வேப்பமரம்:
சரி. இலக்கு வருகிறவர் வாயிலிருந்துதான் வர வேண்டும், அதில் உங்கள் பக்கம். நானாக இருந்தால் முதலில் அம்மா ராத்திரி எத்தனை முறை எழுப்புகிறார், மாற்றாள் யார் என்று கேட்டிருப்பேன். ஆனால் ஒரு கேள்வியை விடமாட்டேன்: உங்களுக்கென்று தள்ளிவைத்தது ஏதாவது இருக்கிறதா? அது ஆறாவது படியைப் படித்ததால் வரும் கேள்வி.

பனித்துளி:
இருக்கிறது அக்கா. ஆனால் போன வாரம் என் அத்தை கீரை ஆய்ந்துகொண்டே இதையே கேட்டார். அவர் எரிக்சனைப் படித்ததில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தாளைப் பார்த்தபடி என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.