வெண்ணாற்றங்கரை வீடு: குடும்பக் குழு

*காலை 6:10*
நான்: முகிலன் மூன்று நாளாகச் சாப்பிடாமல் அழுததற்குக் காரணம் நேற்றிரவுதான் தெரிந்தது. இடது காதுக்குள் சீழ் பிடித்திருக்கிறது. நாங்கள் வயிற்றுவலி என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். பேச்சு வராத எட்டு வயதுப் பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்பது தெரிந்தேயிருந்தது. அதைச் சொல்ல வழிதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காதணி விழாவுக்கு வருவதற்குள் இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும்.

வலங்கைமான் அத்தை: என் கண்ணே! இப்போது எப்படி இருக்கிறான்?

நான்: மருந்து விட்டபின் உறங்குகிறான் அத்தை.

சிங்கப்பூர் அண்ணன்: ஐபேடும், படத்தைத் தொட்டால் அவனுக்காகப் பேசும் ஆவாஸ் செயலியும் நானே வாங்கி அனுப்புகிறேன் என்று சென்ற ஆண்டே சொன்னேன்.

மன்னார்குடிச் சித்தப்பா: விலை என்ன? வாங்கியது கொட்டகையில் கிடக்கக் கூடாது.

தங்கை: கொட்டகையில் கிடப்பது நீங்கள் அளவு பார்க்காமல் வாங்கிய சக்கர நாற்காலிதான், சித்தப்பா.

மன்னார்குடிச் சித்தப்பா: ஆசையாக வாங்கினேன் அம்மா. அளந்து வாங்க வேண்டும் என்று அன்று எவரும் சொல்லவில்லை.

*காலை 6:48*
நான்: அண்ணா, ஆவாஸ் நல்ல செயலிதான். சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர், கோட்டூர்புரம் வித்யாசாகர் சிறப்புப் பள்ளியில் படிக்கும் பேச இயலாத பிள்ளைகளோடு பழகிப் பார்த்து உருவாக்கியது, தமிழிலும் பேசும். மும்பை ஐஐடியில் உருவான ஜெல்லோ செயலியை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசியே போதும். ஆனால் முகிலனுக்கு விரல் ஓரிடத்தில் நிற்காது. திரையில் படம் இருக்கும் சிறு கட்டத்தைத் தொடப்போய்ப் பக்கத்துக் கட்டத்தைத் தொட்டுவிடுவான். ஆகவே திரையின் மேல், கட்டத்துக்கு ஒரு துளையாக வெட்டிய அக்ரிலிக் தகடு வேண்டும். அதைக் கும்பகோணத்தில் பெயர்ப்பலகை செய்பவரிடமே வெட்டிக்கொள்ளலாம். எந்தக் கருவியானாலும், அவன் கை எட்டும் தூரத்தையும் கட்டத்தின் அளவையும் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும்.

வலங்கைமான் அத்தை: அவனுக்காகப் பாடைக்காவடி நேர்ந்திருக்கிறேன். பங்குனிக்குள் பேசிவிடுவான். இப்போதே கருவியைக் கொடுத்தால் வாய் திறக்கவே மாட்டான் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்தவரே சொன்னாரே?

நான்: அந்தச் சொல்லை நம்பித்தான் இரண்டு ஆண்டுகளை வீணாக்கினேன் அத்தை. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பைப் படித்தேன். முறையாக நடத்தப்பட்ட 6 ஆய்வுகளில் 27 பேரைக் கவனித்திருக்கிறார்கள். சைகையோ படமோ கற்றுக்கொடுத்ததால் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குச் சிறிதளவாவது கூடியிருக்கிறது. உங்கள் நேர்த்திக்கடனை நிறைவேற்றுங்கள், நானும் வருகிறேன். அதுவரை அவன் வாயில்லாப் பிள்ளையாக இருக்க வேண்டாம்.

வலங்கைமான் அத்தை: சரி அம்மா.

மன்னார்குடிச் சித்தப்பா: அரசு கொடுக்காதா?

நான்: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல்தொடர்பு என்பதில் பேச்சுக்குத் துணையான முறைகளையும் மாற்று முறைகளையும் சேர்த்தே சொல்கிறது. அவனுடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். நீங்கள் உடன் வருவீர்களா?

மன்னார்குடிச் சித்தப்பா: திங்கட்கிழமை வருகிறேன். நாற்றங்காலுக்கு ஆள் வரவில்லையென்றால் செவ்வாய்.

*காலை 7:20*
நான்: கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவன் தொட்டுக் காட்டுவதற்கு, இன்றே அட்டையில் பக்கத்துக்கு நான்கு பெரிய படங்களாக ஒட்டி, செராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்யப்போகிறேன். கடைகளில் விற்கும் அட்டையில் ஆப்பிளும் கேக்கும் இருக்கின்றன. நம் பிள்ளைக்குப் பழைய சோறும் பம்புசெட்டும் தாத்தாவின் சைக்கிளும் வேண்டும். காது, வயிறு, தலை ஆகியவற்றோடு 'வலிக்கிறது' என்பது முதல் பக்கத்தில் இருக்கும். இவை போக, 'வேண்டாம்', 'நிறுத்து', 'இன்னும்' என்ற மூன்றும் எல்லாப் பக்கத்தின் ஓரத்திலும் இருக்கும். 'சோறு', 'தண்ணீர்', 'கழிப்பறை' என்பவற்றை மட்டும் வைத்தால் அந்த அட்டை அவனைப் பார்த்துக்கொள்ளும் நமக்குத்தான் வசதி. எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள்: விழாவில் அவனிடம் பேசும்போது நீங்களும் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள். நாம் தொட்டுக் காட்டாத மொழியை அவன் எங்கிருந்து கற்பான்? கேட்ட பிறகு உடனே மறுபடி கேட்காமல், மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள்.

தங்கை: நான் தொட்டுப் பேசுகிறேன் அக்கா. பந்தியிலும் அவன் பக்கத்தில் நானே உட்காருகிறேன்.

சிங்கப்பூர் அண்ணன்: அப்படியானால் ஐபேட் வேண்டாமா? கிழக்கு வயல் விஷயத்துக்காக என் பணத்தை மறுக்கிறாயா?

நான்: இல்லை அண்ணா, மறுக்கவில்லை. அட்டையில் அவன் எந்த அளவுக் கட்டத்தைத் தவறாமல் தொடுகிறான் என்று ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பத்து அங்குல ஆண்ட்ராய்டு பலகைக் கணினியே போதுமானதாக இருக்கலாம்.

சிங்கப்பூர் அண்ணன்: ஆவணியில் ஊருக்கு வரும்போது பேசுவோம்.

வலங்கைமான் அத்தை: என் படத்தையும் ஒட்டு. மூக்குத்தி தெரியும் படமாக எடு. அதைப் பிடித்துத்தான் அவன் என்னை அடையாளம் காண்பான்.

மன்னார்குடிச் சித்தப்பா: தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டதா?

அப்பா: இன்னும் வரவில்லை. ஆற்றில் தண்ணீர் வரும் நாளில் முகிலன் என் தோளைத் தட்டிக்கொண்டே இருப்பான். அட்டையில் ஆறும் இருக்கட்டும் என்று இப்போதுதான் படித்துறைக்குப் போய்ப் படம் எடுத்தேன். வெறும் மணலாக இருக்கிறது. தண்ணீர் வந்தபின் வேறு எடுக்கட்டுமா?

நான்: இரண்டும் வேண்டும் அப்பா. தண்ணீர் இன்னும் வரவில்லை என்பதையும் அவன் உங்களிடம் சொல்ல வேண்டுமல்லவா?