லூசிஃபெரேஸ் (வெளிச்சம் தர்ற என்ஸைம், ஜீன் ஆன் ஆச்சானு அளக்க லேபுல போடுறது) ரீடிங் உங்கள ஏமாத்துன கதை இருந்தா சொல்லுங்க

தூங்காத_பிஹெச்டி:
மூணு வருசம் ஆச்சு, இன்னும் உறுத்துது. ஒரு செடியில இருந்து பிரிச்ச காம்பவுண்ட், ஹெக் செல் (லேபுல வளர்க்குற மனுச செல்), ஏஆர்இ ரிப்போர்ட்டர் (ஏஆர்இங்கிற டிஎன்ஏ சுவிட்ச் ஆன் ஆனா லூசிஃபெரேஸ் உருவாகி வெளிச்சம் ஏறும்). ஃபயர்ஃப்ளை (மின்மினி லூசிஃபெரேஸ்) மூணு மடங்கு ஏறுது, டிரிப்ளிகேட் எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி, கைடுக்கு வாயெல்லாம் பல்லு, ஸ்லைடுலயும் ஏத்திட்டாரு. ஆனா அதே சுவிட்ச் ஓட்டுற நிஜ ஜீன் ஹெச்ஓ-1-க்கு க்யூபிசிஆர் (ஆர்என்ஏ அளவு பார்க்குற டெஸ்ட்) பண்ணா அசையவே இல்ல. சரினு ஒரு நாள் ராத்திரி ஏஆர்இ சைட்டே இல்லாத, மினிமல் ப்ரோமோட்டர் (ஜீன ஆரம்பிச்சு வைக்கிற அடிப்படை டிஎன்ஏ துண்டு) மட்டும் இருக்குற பிளாஸ்மிட்டையும் (செல்லுக்குள்ள போடுற டிஎன்ஏ வளையம்) சேர்த்து ரீட் பண்ணேன். இன்ஜெக்டர் டிக் டிக்னு அடிக்குது, 412, 430, அடுத்த வெல்லு (பிளேட்டுல இருக்குற குழி) காம்பவுண்ட் போட்டது, 1260. வயித்த கலக்கிடுச்சு. சுத்தமான என்ஸைம் மேல போட்டா வெளிச்சம் குறையுது, செல்லுல போட்டா ஏறுது! ஜீனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, என்ஸைம சிதைய விடாம பிடிச்சு வெச்சிருக்கு, அவ்ளோதான்.

ரேஷியோ_ராஜா:
ரெனில்லா (ஒப்பிட்டு பார்க்க கூடவே போடுற ரெண்டாவது லூசிஃபெரேஸ்) போடலயா? ஃபயர்ஃப்ளைய அதால வகுத்து ரேஷியோ எடுத்திருந்தா அன்னைக்கே மாட்டியிருக்கும். எனக்கு ஃபோர்ஸ்கோலின் (சிஆர்இங்கிற டிஎன்ஏ சுவிட்ச தூண்டுற காம்பவுண்ட்) போட்டப்போ, சிஎம்வி ப்ரோமோட்டர்ல ஓடுற ரெனில்லாவே ஏறி ரேஷியோ படுத்துடுச்சு, சிஎம்விக்குள்ளயே சிஆர்இ சைட் இருக்குனு ஒருத்தரும் சொல்லல.

வெள்ளைப்பிளேட்:
ராஜா, தப்பு. ரெனில்லா வேற என்ஸைம், அதுக்கு ஏடிபி வேணாம், கோயலென்டரஸைன்ங்கிற சப்ஸ்ட்ரேட் (என்ஸைம் வெளிச்சமா மாத்துற பொருள்) போதும். ஃபயர்ஃப்ளைய மட்டும் பிடிக்கிற காம்பவுண்டுக்கு ரேஷியோ இன்னும் அழகா ஏறித்தான் காட்டும். பிடிசி124-ங்கிற மருந்து ஞாபகம் இல்லயா, 2007-ல நேச்சர் ஜர்னல்ல வந்தது, 2009-ல வேற குரூப் பார்த்துட்டு அது ஃபயர்ஃப்ளைலயே ஒட்டிக்குதுனு சொல்லிடுச்சு. என் கதை சின்னது, டியூப்லைட்டுக்கு கீழ வெச்ச வெள்ளை பிளேட்ட அப்படியே உள்ள தள்ளுனேன், காலி வெல்லே மின்னுச்சு. அதனால கேக்காமலே சொல்றேன், ரீட் பண்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிசம் இருட்டுல விடுங்க, ரீஏஜென்ட் ரூம் டெம்பரேச்சருக்கு வந்தாத்தான் தொடணும், ஐஸ்ல இருந்து எடுத்து நேரா ஊத்துனா ரீடிங் ஆடும், ரொம்ப மின்னுற வெல்லுக்கு பக்கத்துல கன்ட்ரோல் வைக்காதீங்க வெளிச்சம் ஒழுகும், ஹிட் எது வந்தாலும் நானோலக்ல (இன்னொரு லூசிஃபெரேஸ்) ஒரு தடவ திருப்பி பாருங்க, அது ஆழ்கடல் இறால்ல இருந்து வந்தது, ஃபயர்ஃப்ளைக்கு சொந்தமே இல்ல.

தூங்காத_பிஹெச்டி:
ரெனில்லா போட்டேங்க, டிகே ப்ரோமோட்டர்ல ஓடுறது, துளி அசையல, அதனாலதான் நம்பித் தொலைச்சேன். இருட்டுல வெக்கிறதெல்லாம் தெரியும் சார். அந்த ஸ்லைடு போன மாசம் கூட ஓடுச்சு. நான் கடைசி ரோவுல உக்காந்து செருப்பையே பார்த்துட்டு இருந்தேன்.