புதுப்பிப்பு: இன்கோனெல் 600 கம்பி அடிக்கும்போது வெடித்தது, தீர்வு கிடைத்தது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: கல்முனையில் எங்கள் கம்மாலையில், அரிசி ஆலை உமி உலைக்காக இன்கோனெல் 600 (நிக்கலில் குரோமியம் சேர்த்த, வெப்பம் தாங்கும் கலவை) கம்பியில் கொக்கி வளைக்கும்போது வெளி வளைவில் வெடிப்பு விழுந்தது.

இன்னும் கூடச் சூடாக்கச் சொன்னவர்கள் பாதி சரி. உண்மையில் உதவியது, எந்த வெப்பத்தில் அடிப்பதை நிறுத்துகிறோம் என்று கேட்ட அண்ணாவின் பதில். இந்தக் கலவைக்கு 650 முதல் 870 பாகை செல்சியஸ் வரை நெகிழ்வு குறைவு. அந்த இடைவெளியில் அடிக்கவே கூடாது. பெரிய வேலையை 1040க்கு மேல் முடித்து, 870ஐ நெருங்கும்போதே மீண்டும் உலையில் வைக்கிறோம். மெல்லிய கம்பி குளிர்ந்த பட்டடையில் பட்டதும் சட்டென்று ஆறிவிடும். அதனால் பட்டடையையும் முதலில் சூடாக்குகிறோம்.

எதிர்பாராதது கந்தகம். வெப்பத்தைச் சரிசெய்த பிறகும் சில துண்டுகள் மேற்பரப்பில் பிளந்தன. லேத்தில் பாவிக்கும், கந்தகம் கலந்த வெட்டெண்ணெய் அவற்றில் ஒட்டியிருந்தது. நிக்கலும் கந்தகமும் சேர்ந்தால் ஏறக்குறைய 640 பாகையிலேயே உருகும். அந்த உருகல், உலோகத்தின் நுண்ணிய மணிகளுக்கு இடையிலான எல்லைகளுக்குள் இறங்கி அதைப் பிளந்துவிடும். நன்றாகக் கழுவி, கந்தகம் உள்ள நிலக்கரியை விட்டுச் சிரட்டைக்கரிக்கு மாறியதும் அதுவும் நின்றது.

அப்புறம், புதுக் கம்பி வந்தால் முதலில் ஒரு துண்டை ஆப்பு வடிவில் வெட்டி, சூடாக்கித் தட்டையாக அடித்துப் பாருங்கள். எவ்வளவு நசுங்கும்வரை தாங்கும் என்பது அதிலேயே தெரியும்.