விங் கமாண்டரை விண்டோஸ் 11-இல் இயக்குவது எப்படி?

கேள்வி:
1990-இல் வெளிவந்த விங் கமாண்டர் என்ற விண்வெளிப் போர் விளையாட்டின் கோப்புறையைப் பழைய வன்தட்டிலிருந்து புதிய கணினிக்கு நகலெடுத்தேன். திறந்தால், இந்தச் செயலி இங்கே இயங்காது என்ற செய்தி மட்டுமே வருகிறது. நிரலைப் பழைய விண்டோஸில் இருப்பதுபோல் இயக்க முயலும் எக்ஸ்பி இணக்கப் பயன்முறையும் உதவவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
இணக்கப் பயன்முறையில் நேரத்தைச் செலவிட வேண்டாம். இது டாஸ் என்ற பழைய இயங்குதளக் காலத்து 16-பிட் நிரல்; அத்தகைய நிரல்களைத் தாங்கிய பகுதி 64-பிட் விண்டோஸ் எதிலும் இல்லை, விண்டோஸ் 11-ஓ 64-பிட்டில் மட்டுமே கிடைக்கிறது. பழைய டாஸ் கணினியைப் போலவே செயல்படும் இலவச மென்பொருளான டாஸ்பாக்ஸை நிறுவி, அதன் கறுப்புத் திரையில் மவுன்ட் கட்டளையால் உங்கள் கோப்புறையை சி இயக்ககமாக இணைத்தபின், சி எழுத்தையும் முக்காற்புள்ளியையும் தட்டி உள்ளே சென்று விளையாட்டை அழையுங்கள்.

கேட்டவர்:
இயங்குகிறது, நன்றி. ஆனால் டாஸ்பாக்ஸின் வேகத்தைத் தீர்மானிக்கும் சைக்கிள்ஸ் அமைப்பை உச்சத்தில் வைத்ததாலோ என்னவோ, எதிரிக் கலங்கள் கண்ணிமைப்பதற்குள் மறைந்துவிடுகின்றன.

மறுமொழி 2:
அதுதான் காரணம். அன்றைய கணினிகளின் வேகத்தையே நம்பி எழுதப்பட்ட விளையாட்டு இது. சில பழைய கணினிகளில் வேகத்தைக் குறைக்க உதவும் டர்போ பொத்தான் இருந்ததும் இத்தகைய நிரல்களுக்காகத்தான். முதலில் 3000 என வைத்துப் பாருங்கள். பிறகு, விளையாடும்போதே கன்ட்ரோலுடன் எஃப்11-ஐ அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12-ஐ அழுத்தினால் கூடும். சாளரத்தின் தலைப்புப் பட்டையில் எண் மாறுவதையும் காணலாம்.