புதுப்பிப்பு: கடல்மட்ட நிலையப் பணியாளருக்கான பயிற்சி

ராடார் கருவி தானாகவே கடல்மட்டத்தை அளந்து செய்மதி வழியாகத் தரவை அனுப்பும்போது நிலையப் பணியாளருக்கு எதற்குப் பயிற்சி என்று, என் முன்னைய பதிவின் கீழ் பருத்தித்துறை அன்பர் ஒருவர் கேட்டிருந்தார்.

கருவி அளப்பது தனக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை மட்டுமே. கருவியைத் தாங்கும் இறங்குதுறை சற்றுத் தாழ்ந்தாலோ, திருத்த வேலைக்குப் பின் தாங்கி சில சென்ரிமீற்றர் கீழிறங்கினாலோ, கடல் உயர்ந்துவிட்டதாகவே பதிவு காட்டும். ஆகவே, கரையில் உறுதியாகப் பதித்த மட்டக்குறிகளோடு கருவியின் பூச்சியத்தை, அதாவது அளவு தொடங்கும் உயரத்தை, ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயிற்சியின் முதன்மைப் பாடமாகிறது. சுனாமியை அறிய மட்ட மாற்றமே போதும் என்பது உண்மைதான். ஆனால் 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்தது போன்ற புயல் அலையேற்றத்தில், நீர் எந்த உயரம்வரை வந்தது என்பதே கேள்வி. வற்றுப்பெருக்கு வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவான நம் கரையில் சிறிய பிழையும் பெரிதாகத் தெரியும்.

ஒரு முழு வற்றுப்பெருக்குச் சுற்றில், கருவியின் அளவையும் கையால் எடுத்த அளவையும் அடுத்தடுத்துக் குறித்து, வேறுபாட்டை வரைபடமாக்கும் வான் டி காஸ்டீல் சோதனையும் கற்பிக்கப்படுகிறது. அளவிடல் பிழை, கடிகாரப் பிழை இரண்டும் அதில் வெவ்வேறு வடிவங்களாக வெளிப்படும். எளிமையான இச்சோதனையையே நான் மிகவும் மதிக்கிறேன். 2004 சுனாமி சுமாத்திராவிலிருந்து எமது கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இடைவெளியில் எச்சரிக்கை விடுப்பவர்களுக்குக் கடிகாரத்தின் சில நிமிடப் பிழையும் பொறுக்கத்தக்கதல்ல.