பிராசஸிங் 4: 'ண' சுழி அடைபட்டுப்போகிறது, உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே, பிராசஸிங்கில் (ஜாவாவை வைத்துப் படம் வரையும் நிரல் கருவி) தமிழ் எழுத்துகளை ஒழுங்காக வரைய ஒரு சின்ன லைப்ரரி எழுதுகிறேன், கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொண்டேன். அதன் பி2டி (P2D) வரைமுறையில் எழுத்துகளைத் தனித்தனிப் படமாக ஒட்டுவதால் 'கெண்டை' என்று கொடுத்தால் ஒற்றைக்கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, பார்க்கவே சகிக்கவில்லை. அதனால் ஜாவாவின் ஃபாண்ட் கிளாஸிலிருந்து வெளிக்கோடுகளை எடுத்து பிஷேப்பாக (PShape, பிராசஸிங்கின் வடிவப் பொருள்) மாற்றுகிறேன். முதலில் அந்தக் கிளாஸின் கிரியேட்கிளிஃப்வெக்டரை (createGlyphVector) நம்பி அரை நாள் போச்சு, அது எழுத்துகளைச் சேர்த்து அமைப்பதில்லை. லேஅவுட்கிளிஃப்வெக்டர் (layoutGlyphVector) போட்டதும் கொம்பு சரியான இடத்துக்கு வந்துவிட்டது.

இப்போது சிக்கல் இதுதான். ண-வின் சுழிகள் உள்ளே நிறம் நிரம்பி கட்டியாகத் தெரிகின்றன. சரி என்று முதல் கோட்டுக்கு அப்புறம் வருவதையெல்லாம் பிகின்கான்டூருக்குள் (beginContour, வடிவத்தில் ஓட்டை போடும் கட்டளை) போட்டேன், சுழி திறந்தது, ஆனால் 'ண்' எழுதினால் புள்ளியையும் ஓட்டை என்று எடுத்துக்கொண்டு காணாமல் அடித்துவிடுகிறது. கோடு சுற்றும் திசையை வைத்துப் பிரிக்கலாம்தான், ஆனால் டிடிஎஃப், ஓடிஎஃப் (TTF, OTF) என்ற எழுத்துருக் கோப்பு வகைகள் இரண்டிலும் வழக்கமான திசை எதிரெதிர். ஒரு கோடு இன்னொன்றுக்குள் இருக்கிறதா என்று பார்த்தே பிரிப்பதுதான் வழியா? பெரிய பத்திகளுக்கு அது மெதுவாகிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

இதைச் செய்தவர்கள் ஒரு துண்டு கோட் காட்டினாலும் போதும். சோதித்துப் பார்க்க வருபவர்கள் ஜாவா 17-க்கு கம்பைல் செய்யுங்கள்; நான் 21-இல் செய்து, கிளாஸ் கோப்பு 65, ஏற்பது 61 வரைதான் என்று வெர்ஷன் பிழை வாங்கினேன். மேக் வைத்திருப்பவர்கள் யாராவது ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.